உதடுகளை இப்படி மூடவும்

எங்கள் மாகாணத்தில் குழந்தைகள் வீட்டில் விளையாடுவதில்லை என்று ஓர் ஆய்வுக் குழு கண்டுபிடித்தது. குழு லுகோசினி கிராமத்துக்கு ஒரு முற்பகலில் வந்து வீடு வீடாக எட்டிப் பார்த்தது. எந்த வீட்டிலும் குழந்தை இல்லை. எல்லாம் ஆற்றங்கரையில் களிமண்ணில் காளை செய்து முட்டவிட்டுக்கொண்டிருந்தன. ஆற்றங்கரை ஆய்வின் எல்லைக்குள் வராது. 'இல்ல விளையாட்டு காணப்படவில்லை' என்று எழுதிக்கொண்டு, வெயில் சாய்வதற்குள் குழு தலைநகருக்குத் திரும்பிவிட்டது.

அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்தது இல்ல விளையாட்டு ஒலி இயக்ககம். முதல் வகுப்புக்கு வருமுன் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் எழுத்தின் ஒலியையாவது தாய் வீட்டில் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான், நாங்கள் யாரும் குறை சொல்லவில்லை. பிறகு நோக்கத்துக்கு ஒரு கட்டடம் கட்டினார்கள். கட்டடத்துக்கு ஒரு துணை இயக்குநர் வந்தார். வந்தவர் ஏதாவது செய்ய வேண்டியிருந்ததால் ஒரு விதி வந்தது: இல்ல ஒலிச் சான்று இல்லாத குழந்தைக்கு முதல் வகுப்பில் இடம் கிடையாது.

வட்டத்துக்கு ஓர் எழுத்து. எங்களுக்கு விழுந்தது 'எம்'. கையேட்டின்படி அதன் ஒலி 'மா'. வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. விரலால் எழுத்தை எழுதிப் பழக ஒரு தட்டு, தட்டில் பரப்ப ஒரு பை மணல், அந்த ஒலியுள்ள பொருள்களைப் போட்டு எடுத்து விளையாட ஒரு கூடை, வாய் எப்படி அசைகிறது என்று தாயும் குழந்தையும் சேர்ந்து பார்க்க ஒரு கண்ணாடி. மணல் தலைநகரிலிருந்து லாரியில், எங்கள் ஆற்றுப் பாலத்தைக் கடந்து வந்தது. ஆற்று மணல் ஏற்கப்படாது என்று பெட்டியின் மூடியிலேயே அச்சிட்டிருந்தார்கள்.

லுகோசினியில் அந்தப் பெட்டியைக் கண்டு பயந்தவள் நோக்வேசி ஒருத்திதான்.

அவள் மகள் லிலித்தாவுக்கு ஆறு முடிந்து ஏழு நடந்தது. முந்தின வருடம் தட்டம்மையில் படுத்துப் பள்ளி தவறிப்போயிற்று. இந்த நவம்பருக்குள் பெயர் சேர்க்காவிட்டால் வயது மீறிய குழந்தை என்று ஆயத்தப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பிரிவு மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே போன குழந்தைகள் முதல் வகுப்புக்குத் திரும்பி வந்ததை யாரும் பார்த்ததில்லை. ருஸ்டென்பர்க் சுரங்கத்தில் வேலை செய்யும் நோக்வேசியின் கணவன் போன கிறிஸ்துமஸுக்கே கருப்புச் சீருடை வாங்கி வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் லிலித்தா அதைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள். ஒவ்வொரு ஞாயிறும் அது கொஞ்சம் குட்டையாகிக்கொண்டு வந்தது.

நோக்வேசியின் பயத்துக்குக் காரணம் அவளுடைய மாமனார். நல்ல மனிதர். பெயர் மாம்கெலி. அதுதான் பிரச்சினை.

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகி வந்த பெண் மாமனாரின் பெயரைச் சொல்வதில்லை. பெயரை மட்டுமல்ல, பெயரின் தலையில் நிற்கும் ஒலியையும் சொல்வதில்லை. அது எந்தச் சொல்லுக்குள் வந்தாலும் அந்தச் சொல்லைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பட்டணத்தில் இதையெல்லாம் இப்போது யாரும் பார்ப்பதில்லை. லுகோசினியிலும் பாதி வீடுகளில் விட்டுவிட்டார்கள். மாம்கெலியின் வீடு மற்றப் பாதியில் இருந்தது.

எங்கள் மொழியில் தண்ணீருக்குள் அந்த ஒலி இருக்கிறது. பணத்துக்குள் இருக்கிறது. புளித்த பாலுக்குள் இருக்கிறது. அம்மாவுக்குள் இருக்கிறது. நோக்வேசி தண்ணீரை 'நனைக்கிறது' என்பாள். பணம் 'மினுங்குறது'. புளித்த பால் 'திரிஞ்சது'. தன் தாயை 'என்னைப் பெத்தவள்' என்பாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த ஒலி அவள் வாயிலிருந்து ஒரு முறைகூட வெளிப்பட்டதில்லை.

லிலித்தா பேசக் கற்றதிலிருந்து இதுவே ஒரு விளையாட்டாகியிருந்தது. "நனைக்கிறதை எடுத்துட்டு வா" என்பாள் தாய். குழந்தை வாளியை எடுக்காமல் இடுப்பில் கைவைத்து நின்று, தண்ணீரின் அசல் பெயரை, அதன் 'மா'வை இழுத்து, கோழிகள் சிதறும்படி கத்துவாள். தாய் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். மகள் துரத்துவாள். வீட்டில் எந்தெந்தச் சொல்லில் அந்த ஒலி ஒளிந்திருக்கிறது என்பது லிலித்தாவுக்கு அத்துப்படி. தாய் எங்கெல்லாம் சுற்றிக்கொண்டு போகிறாளோ அங்கெல்லாம் அது உட்கார்ந்திருக்கும்.

இயக்ககத்தின் களப் பணியாளர் வத்திஸ்வா முதல் முறை வந்தபோது செப்டம்பர். இருபத்தைந்து வயதுப் பெண். பட்டணத்தில் வளர்ந்தவள் என்றாலும் எங்கள் இனம். அவளிடம் ஒரு டேப்லெட் இருந்தது. தாயின் குரலில் 'மா' கேட்டால் அதில் பச்சை எரியும், குரல் தலைநகருக்குப் போய்விடும், சான்று வரும்.

அவள் பாயை விரித்தாள், கூடையை நடுவில் வைத்தாள், கண்ணாடியை நிறுத்தினாள். "கூடையில கை விடுங்கக்கா. என்ன வருதோ அதைப் பாத்து 'மா' சொல்லுங்க. சிரிங்க. அவ்வளவுதான்" என்றாள்.

நோக்வேசி கூடையில் கைவிட்டு ஒரு நாணயத்தை எடுத்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். உதடுகளை மூடினாள். மூடிய உதடு திறக்கவில்லை. டேப்லெட் காத்திருந்தது. வத்திஸ்வாவும் காத்திருந்தாள்.

"என்னால முடியாது மிஸ். அந்தச் சத்தம் இந்த வீட்டுப் பெரியவரோட பேர்ல இருக்கு."

வத்திஸ்வாவுக்குப் புரிந்தது. டேப்லெட்டுக்குப் புரிய வைக்க வழியில்லை. அவள் பெட்டியை மூடிக்கொண்டு புறப்படும்போது நோக்வேசி குடிக்க 'நனைக்கிறது' வேண்டுமா என்று கேட்க, உள்ளேயிருந்து லிலித்தா வழக்கப்படி அசல் பெயரைக் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். வத்திஸ்வா மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அடுப்படியில், தொழுவத்தில், துணிக்கொடியில் அந்த ஒலி எங்கெல்லாம் இருக்கிறது என்று குழந்தையைக் கேட்டாள். லிலித்தா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டினாள். இந்த வட்டத்திலேயே 'மா' ஒலியை மிக நன்றாக அறிந்த குழந்தை இதுதான் என்றும், இந்த வீட்டில் நாள் முழுவதும் ஒலி விளையாட்டு நடக்கிறது என்றும் வத்திஸ்வா அறிக்கை அனுப்பினாள்.

பதில் துணை இயக்குநர் போக்வானாவிடமிருந்தே வந்தது. குழந்தை ஒலியை முன்கூட்டியே அறிந்திருப்பது கவலைக்குரிய முறைகேடு என்றும், பெட்டி திறக்கப்படாத வீட்டில் கற்றல் எப்படி நிகழ்ந்தது என்பதைக் களப் பணியாளர் விளக்க வேண்டும் என்றும், தாய் சொல்லிக் குழந்தை கேட்பதே விளையாட்டு, குழந்தை சொல்லித் தாய் ஓடுவது கீழ்ப்படியாமை என்றும் அதில் இருந்தது.

இரண்டாவது வருகையின்போது ஒரு நல்லது நடந்தது. நோக்வேசி கண்ணாடி முன் உதடு மூடி உட்கார்ந்திருந்த நேரத்தில், தொழுவத்தில் புதிதாகக் கன்று ஈன்ற பசு கன்றைத் தேடி ஒரு குரல் கொடுத்தது. டேப்லெட்டில் பச்சை எரிந்தது. வத்திஸ்வா டேப்லெட்டைப் பார்த்தாள், தொழுவத்தைப் பார்த்தாள், டேப்லெட்டை உறையில் போட்டுக்கொண்டாள். பதினைந்து நாள் லிலித்தா சான்று பெற்ற குழந்தையாக இருந்தாள். சீருடையை வாரநாளிலும் போட்டுக்கொண்டாள்.

தலைநகரில் அந்தக் குரலை எல்லாருக்கும் மிகவும் பிடித்துப்போயிற்று. இவ்வளவு தெளிவும் தாய்மையும் நிரம்பிய ஒலி இதுவரை பதிவானதில்லை என்று குறிப்பெழுதி, இந்தத் தாயை மற்ற வட்டங்களுக்குப் பயிற்சியாளராக அனுப்ப விவரம் கேட்டார்கள். வத்திஸ்வா விவரம் சொல்ல வேண்டியதாயிற்று. சான்று ரத்தானது. ஒலியின் தரத்தில் குறையில்லை, ஒலித்தவர் பதிவு பெற்ற பராமரிப்பாளர் அல்லர் என்பது மட்டுமே காரணம் என்று ரத்து உத்தரவு பெருந்தன்மையோடு சொன்னது. வத்திஸ்வாவுக்கு எச்சரிக்கை வந்தது. பசுவுக்கு எதுவும் வரவில்லை.

இதற்குள் அக்டோபர் பாதி போய்விட்டது. மாம்கெலி கிழவர் தொழுவ வாசலில் புகைக்குழாயோடு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மருமகளைக் கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் மருமகளை 'மகோத்தி' என்றுதான் கூப்பிடுவோம்.

"மகோத்தி, என்னைக் கேட்டா நான் விட்டுடுவேன். பேரைச் சொன்னா என் மண்டையிலயா இடி விழப்போகுது. ஆனா இது என்கிட்ட மட்டும் இல்லையே. இந்தத் தொழுவத்துக்குக் கீழ படுத்திருக்கானுங்களே என் அப்பனும் தாத்தனும், அவனுங்க எப்பவும் தூங்காத ஆளுங்க."

"தெரியும்ப்பா" என்றாள் நோக்வேசி.

"நான் ஒண்ணு செய்யறேன். என் பேரு. நான் சொன்னா எவன் கேப்பான்? நானே குழந்தையோட விளையாடிடறேன்."

அவர் கிளினிக்கில் நடந்த தாய்மார் பயிற்சிக்குப் போனார். முதுகில் குழந்தை கட்டிய பெண்களுக்கு நடுவே, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, சிறிய நாற்காலியில் உட்கார்ந்தார். மணலில் எழுதினார். கூடையில் கைவிட்டார். அந்த ஒலியை எழுபது வருடமாகச் சுமந்த மனிதர் என்பதால் நன்றாகவே சொன்னார். மற்ற பெண்கள் கைதட்டினார்கள். பயிற்சி முடிவில், ஆண் பராமரிப்பாளருக்கான பாடத்திட்டம் அடுத்த நிதியாண்டில்தான் வருகிறது என்றும், அதுவரை ஆண்கள் வீட்டில் குழந்தைகளோடு விளையாடுவதை இயக்ககம் ஊக்குவிக்கவும் இல்லை தடுக்கவும் இல்லை என்றும் சொல்லி, கலந்துகொண்டதற்கு ஒரு பேனா கொடுத்தனுப்பினார்கள்.

சுரங்கத்திலிருந்து கணவன் தொலைபேசியில் 'மா' சொல்லலாமா என்று கேட்டுப் பார்த்தார்கள். வேறு மாகாணத்து ஒலி செல்லாது.

கடைசியில் நோக்வேசி விதிவிலக்கு கேட்டுத் தலைநகருக்கே போனாள். கூடவே மாம்கெலியும், சீருடை போட்ட லிலித்தாவும், பெஞ்சு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வத்திஸ்வாவும். போக்வானா பருமனான, இனிமையான மனிதர். அவர் அறையில் பொம்மைகள் நிறைய இருந்தன. எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருந்தன.

"பாரும்மா, நான் பண்பாட்டுக்கு எதிரி இல்ல" என்றார் அவர். "எங்க வீட்டு வரவேற்பறையில பாசிமணி மாட்டி வச்சிருக்கேன். ஆனா பண்பாடு பண்பாட்டு நாள்ல இருக்கணும். அதுக்குத்தான் செப்டம்பர்ல ஒரு நாள் விடுமுறையே குடுத்திருக்கோம். வருஷம் பூராவும் பண்பாடா இருந்தா நிர்வாகம் எப்படி நடக்கும்?"

குழந்தைக்கு ஒலி தெரியும், இப்போதே கேட்டுப் பாருங்கள் என்று வத்திஸ்வா தாழ்ந்த குரலில் சொன்னாள். போக்வானா அவளை வருத்தத்தோடு பார்த்தார்.

"குழந்தைக்குத் தெரியுதா இல்லையாங்கறது எங்க கேள்வியே இல்லம்மா. தெரிஞ்ச குழந்தைங்களை வச்சுக்கிட்டு ஒரு இயக்ககம் என்ன செய்யும்? நீங்க விளையாடினீங்களா, எங்க பெட்டியில விளையாடினீங்களா, சந்தோஷமா விளையாடினீங்களா. மூணே கேள்வி. குழந்தைங்க பாட்டுக்குத் தானா கத்துக்கிட்டுப் போயிட்டா நாளைக்கு இந்தக் கட்டடத்தை யாருக்கு வாடகைக்கு விடறது?"

ஊமைத் தாய்மாருக்கு விலக்கு உண்டு, பேசத் தெரிந்தும் பேசாதவர்களுக்கு இல்லை என்று அவர் விளக்கினார். ஊமையாகிவிட்டால் எத்தனை நாளில் சான்று கிடைக்கும் என்று நோக்வேசி கேட்டாள். அவள் கேலிக்குக் கேட்கவில்லை. போக்வானாவும் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. குறைந்தது ஓராண்டாவது ஊமையாக இருந்திருக்க வேண்டும் என்று விதியைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்.

நோக்வேசி நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். "ஐயா, என் பொண்ணை உள்ள விடுங்க. எனக்கு எந்தத் தண்டனை வேணும்னாலும் குடுங்க."

"தண்டனையா?" போக்வானா உண்மையாகவே புண்பட்டுப்போனார். "இது விளையாட்டும்மா."

வாசல்வரை வழியனுப்பும்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பெரியவர் பெயரை மாற்றிக்கொள்ளலாமே என்றார். இயக்ககம் இதற்காகப் பரிந்துரைக் கடிதமே தரும்.

மாம்கெலி அன்றே பெயர்ப் பதிவு அலுவலகத்துக்குப் போனார். பெயர் மாற்றக் காரணம் கேட்டார்கள். மருமகள் விளையாட வேண்டும் என்றார். அப்படி ஒரு காரணம் அவர்களிடம் இல்லை. திருமணம், மதமாற்றம், அவமானம் என்ற மூன்றுதான் இருந்தன. அவமானம் என்று போட்டுக்கொண்டார்கள். புதுப் பெயர் என்ன என்று கவுண்ட்டரில் இருந்த பெண் கேட்டபோதுதான் அவர் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

மாலையில் தொழுவ வாசலில் வந்து உட்கார்ந்து வெகுநேரம் குழாயைப் பற்றவைக்காமல் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அந்தப் பொண்ணு பேனாவைத் தட்டிக்கிட்டே இருந்துச்சு மகோத்தி. பின்னாடி ஆளுங்க முணுமுணுக்கறானுங்க. குழந்தை என் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அது பேருதான் வாய்ல இருந்துச்சு. பாதியில திருத்தி லிந்திலேன்னு சொல்லிட்டேன்."

லிந்திலே என்ற பெயரின் தலையில் நிற்பது 'லி'. லிலித்தாவின் தலையிலும் அதுதான் நிற்கிறது. பழைய பெயருக்குரிய மரியாதை புதுப் பெயர் வந்ததும் போய்விடுவதில்லை. மாம்கெலி வாலிபரான சடங்கில், தொழுவத்தில் வைத்து முன்னோர்களிடம் சொல்லப்பட்ட பெயர் அது. ஆகவே அன்றிலிருந்து நோக்வேசிக்கு இரண்டு ஒலிகள் இல்லை. மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. "குட்டி" என்று கூப்பிட்டாள். முற்றத்தில் ஆட்டுக்குட்டிகளும் திரும்பிப் பார்த்தன.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற மாம்கெலி மறுநாளே போனார். அதற்கான பிரிவு செயல்படத் தொடங்கவில்லை.

நவம்பரில் வத்திஸ்வா கடைசித் தகவலோடு வந்தாள். சிக்கலான வீடுகளைத் துணை இயக்குநரே நேரில் வந்து பார்க்கிறார். அன்று பச்சை எரிந்தால் சான்று அங்கேயே கையில். எரியாவிட்டால் பள்ளிச் சேர்க்கை அந்த வாரத்தோடு முடிகிறது. அவள் நோக்வேசியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஒரே தடவை. நான் எத்தனையோ யோசிச்சுப் பாத்துட்டேன். வேற வழி எதுவும் எனக்குத் தெரியல."

நோக்வேசி அந்த நாட்களில் விறகுக்கென்று போய் ஆற்றைக் கடந்து, மாம்கெலி வீட்டுப் புகை கண்ணுக்குத் தெரியாத இடம்வரை நடந்தாள். அங்கே ஒரு பாறையில் உட்கார்ந்து அந்த ஒலியைச் சொல்லிப் பார்த்தாள். உதடு மூடும். மூடிய உதட்டுக்குப் பின்னால் அது நிற்கும். பிறகு அவள் விறகைத் தூக்கிக்கொண்டு திரும்புவாள். விறகு பொறுக்கப் போன மற்ற பெண்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். அவளுக்குப் பல்வலி என்று நினைத்தார்கள்.

ஆய்வு நாளில் வண்டிகள் வந்தன. கூடாரம் வந்தது. வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. ஒரு புகைப்படக்காரர் வந்தார். சிரிக்கும் முகங்களை வரிசையாக வரைந்த அட்டை ஒன்றோடு மகிழ்ச்சி அளவையாளர் என்ற ஓர் அம்மாள் வந்தார். முற்றத்தின் நடுவில் பாய் விரித்து, தட்டில் தலைநகர் மணலைக் கொட்டி, கூடையையும் கண்ணாடியையும் வைத்தார்கள். கோழிகளை அடைக்கச் சொன்னார்கள். பசுவை மலைக்கு ஓட்டிவிட்டார்கள்.

போக்வானா பேசினார். வீடுதான் முதல் பள்ளி என்றார். ஆகவே பள்ளிக்கு உள்ள கட்டுப்பாடு அனைத்தும் வீட்டுக்கும் வர வேண்டும் என்றார். சில தாய்மார் சமைக்கும்போதும் துவைக்கும்போதும் அனுமதியின்றிக் குழந்தைகளோடு விளையாடுவதாகத் தமக்குத் தகவல் வருகிறது, அதை ஒழுங்குபடுத்தும்வரை இயக்ககம் ஓயாது என்றார். கூடாரத்தில் கைதட்டினார்கள்.

நோக்வேசி பாயில் உட்கார்ந்தாள். எதிரே லிலித்தா. சீருடை முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. மாம்கெலி தொழுவ வாசலில் நின்றார்.

நோக்வேசி கூடையில் கைவிட்டாள். தண்ணீர் நிரப்பிய சிறு புட்டி வந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்தாள். உதடுகளை மூடினாள். புகைப்படக்காரர் குனிந்து, கோணம் பார்த்து, படம் எடுத்தார்.

தாயால் முடியவில்லை என்று லிலித்தாவுக்குத் தெரிந்தது. எப்போதும் செய்வதைச் செய்தாள். இடுப்பில் கைவைத்து எழுந்து வாயைத் திறந்தாள்.

"குழந்தை முந்தக் கூடாது" என்றார் போக்வானா, அன்பாக, ஆனால் ஒலிபெருக்கியில்.

லிலித்தா வாயை மூடிக்கொண்டாள். தாயைப் பார்த்தாள், போக்வானாவைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். போக்வானா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்றார். உதவியாளர் டேப்லெட்டை மூடக் கை நீட்டினார்.

அப்போது நோக்வேசி சொன்னாள். முதலில் மூச்சுதான் வந்தது. பிறகு குரல் உடைந்து, பெரிதாக, முற்றத்துக்கு வெளியிலும் கேட்கும்படி வந்தது. "லிலித்தா. அம்மா. அம்மா சொல்றேன். சொல்லு, அம்மா."

டேப்லெட்டில் பச்சை எரிந்தது. பெண்கள் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். ஒரே மூச்சில் சொல்லக் கூடாத இரண்டு ஒலியும் வெளியே வந்திருந்தன. மாம்கெலி தொப்பியைக் கழற்றி, மருமகளைப் பார்க்காமல், தொழுவத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். நோக்வேசி நிறுத்தவில்லை, கண்ணீர் வாய்க்குள் இறங்க, இத்தனை வருடமும் சேர்ந்திருந்தது எல்லாம் வருவதுபோல, சொல்லிக்கொண்டே இருந்தாள். லிலித்தா முட்டி போட்டு அருகில் வந்து, தன் சிறிய உள்ளங்கையால் தாயின் வாயைப் பொத்தினாள்.

"வேண்டாம், போதும்" என்றாள் குழந்தை.

வத்திஸ்வா முன்னால் ஓடினாள். "பச்சை எரிஞ்சிருச்சு சார். எரிஞ்சிருச்சு."

ஒலி எழுந்ததை யாரும் மறுக்கவில்லை. மகிழ்ச்சி அளவையாளர் அட்டையைத் தூக்கி நோக்வேசியின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, முகம் முகமாக ஒப்பிட்டுப் பார்த்தார். அட்டையில் அந்த முகம் இல்லை. குழந்தையும் சிரிக்கவில்லை, மேலும், அது தாயின் வாயை மூடியது விளையாட்டை நிறுத்தும் செயல். போக்வானா மிகுந்த வருத்தத்தோடு விளக்கினார். கட்டாயத்தில் வந்த ஒலிக்குச் சான்று தந்தால், கட்டாயப்படுத்தும் இயக்ககம் என்ற கெட்ட பெயர் தங்களுக்கு வந்துவிடும். அடுத்த ஆண்டு, அடுத்த எழுத்தோடு முயலலாம். கூடாரத்தைப் பிரித்தார்கள். மணலைத் திரும்ப அள்ளிக்கொண்டார்கள்.

வண்டிகள் போன பிறகு மாம்கெலி மருமகளிடம் வந்தார். "எனக்கு இந்தக் காது ரொம்ப நாளா மந்தம் மகோத்தி. ஒண்ணும் விழல."

"எனக்கு விழுந்துச்சுப்பா" என்றாள் நோக்வேசி.

யாரும் போகச் சொல்லவில்லை. அவளே மறுநாள் காலை மகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு நடந்தாள். சொல்லக் கூடாத ஒலியைச் சொன்னவள் தன் தகப்பன் வீட்டிலிருந்து ஓர் ஆட்டைக் கொண்டுவந்து தொழுவத்தில் விட்டுத்தான் மறுபடி அந்த வீட்டு அடுப்பைத் தொட வேண்டும். அவள் அங்கே இருந்தபோது பள்ளிச் சேர்க்கை முடிந்தது. வத்திஸ்வாவைக் கடற்கரைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கே எழுத்து வேறு.

புது வருடத்தில், பள்ளி திறந்த பிறகு, தாயும் மகளும் ஆட்டை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். கிளினிக் வாசலில் குழாயடி இருக்கிறது, ஆடு நின்றுவிட்டது. கிளினிக் சுவரில் ஆள் உயரத்துக்குப் புதுச் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். மாகாணம் முழுவதும் அதுதான் ஒட்டப்பட்டிருந்தது. மேலே பெரிதாக 'எம்' எழுத்து. நடுவில் ஒரு பெண்ணின் முகம். உதடுகள் இறுக்கமாக, நேராக, ஒழுங்காக மூடியிருந்தன. கீழே, 'உதடுகளை இப்படி மூடவும். விளையாட்டு தொடங்கட்டும்!'

லிலித்தா வெகுநேரம் பார்த்தாள். அவள் சீருடையின் மடிப்பைப் பிரித்து நீளமாக்கியிருந்தாள் நோக்வேசி. பழைய மடிப்பு ஒரு கோடாகத் தெரிந்தது.

"நீதானே இது?"

நோக்வேசி தலையசைத்தாள்.

"இதுல என்ன சொல்றே?"

"ஒண்ணும் சொல்லல குட்டி. அப்போ இன்னும் சொல்லல."

ஆடு கத்தியது. வெயில் ஏறியிருந்தது. நோக்வேசி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு மகளைப் பார்த்தாள். "ஆட்டுக்கு நனைக்கிறது வேணும்" என்றாள். சொல்லிவிட்டு, ஓடத் தயாராக இருப்பவள் போல ஒரு காலை எடுத்துப் பின்னால் வைத்து, காத்திருந்தாள்.

லிலித்தா குழாயடிக்குப் போனாள். வாளியை நிரப்பினாள். இரண்டு கையாலும் தூக்கி வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், ஆட்டின் முன்னால் வைத்தாள்.